கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர்: குடிபெயர்வும் நுகர்வும் நிலமும்



குடிபெயர்வு பற்றிய இன்றைய உலக விவாதங்களில் ஒரு வாதம் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. வறிய நாட்டிலிருந்து வளமான நாட்டுக்குச் செல்பவர், சில ஆண்டுகளிலேயே அந்நாட்டினரைப் போல உண்ணவும் உடுக்கவும் பயணம் செய்யவும் தொடங்கிவிடுகிறார். ஆகவே, அவர் இடம்பெயர்ந்ததனாலேயே பூமியின்மீது மனிதகுலம் ஏற்றும் சுமை கூடுகிறது என்பது அவ்வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இரண்டு கேள்விகளை அது கேட்காமலே கடந்துவிடுகிறது. குடிபெயர்ந்தவர் யாருடைய நுகர்வை நிறைவு செய்வதற்காக அழைத்துவரப்பட்டார் என்பது முதற்கேள்வி. அவருடைய பழக்கங்கள் மாறியபோது அவற்றை மாற்றியது அவருடைய ஆசையா, அல்லது அவர் குடியமர்த்தப்பட்ட வீடும் நிலமும் கடையுமா என்பது இரண்டாவது.

இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடுவதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான களம் அரிது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழர் இங்கே காடு திருத்தியிருக்கின்றனர், ரயில்பாதை அமைத்திருக்கின்றனர், பால்மரம் சீவியிருக்கின்றனர், பின்னர் நகரத்து அடுக்குமாடிகளிலும் குடியேறியிருக்கின்றனர். அவர்களுடைய அடுப்பையும் அரிசிப் பானையையும் தொடர்ந்து சென்றால், குடிபெயர்வுக்கும் நுகர்வுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவு தெளிவாகும்.

1. அயலாரின் தேவைக்காக அழிந்த காடு

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற ரப்பர் விதைகள் லண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் முளைத்தன. அடுத்த ஆண்டிலேயே 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அங்குத் தாவரத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். இருப்பினும், ரப்பர் மலாயாவின் முகத்தை மாற்றியதற்குக் காரணம் மலாயாவுக்கு வெளியே இருந்தது. 1908ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் ‘மாடல் டி’ காரை அறிமுகப்படுத்தியது. மோட்டார் வண்டி பெருகப் பெருக டயருக்கு வேண்டிய ரப்பரின் தேவையும் பெருகியது. 1910இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. 1920களில் மலாயாவின் ரப்பர்ப் பரப்பு 20 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. அப்போது உலகில் விளைந்த ரப்பரில் பாதிக்கும் மேற்பட்ட பங்கை அமெரிக்கா ஒன்றே பயன்படுத்தியது.

இந்த ரப்பருக்குக் கைகள் வேண்டியிருந்தன. 1907இல் தமிழர் குடிவரவு நிதி உருவாக்கப்பட்டது. தோட்டங்கள் செலுத்திய தொகையிலிருந்து தொழிலாளரின் கப்பற்செலவு ஈடுகட்டப்பட்டது. ஒப்பந்தக் கூலிக்கு ஆள் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்ட பின், கங்காணிகள் வழியாகவே பெரும்பாலோர் வந்தனர். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கினர். இன்று கிள்ளான் துறைமுகம் என நாம் அழைப்பது அந்தப் போர்ட் சுவெட்டன்ஹாமையே. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலாயாவில் வாழ்ந்த இந்தியர் 6 லட்சத்துக்கும் மேற்பட்டிருந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர்.

காட்டை வெட்டிய கை தமிழருடையது. வெட்டச் செய்த தேவையோ கடலுக்கு அப்பால் டயர் வாங்கியவருடையது. நடந்தே வேலைக்குப் போனவர், பிறர் வண்டியில் செல்வதற்காகக் காடழித்தார். இன்றைய கணக்கு முறைப்படி ஒரு பொருளின் சூழற்சுமையை அதனைப் பயன்படுத்துபவரின் பேரில் எழுதுவதானால், மலாயாக் காடுகளின் அழிவைத் தோட்டத் தொழிலாளியின் பேரில் எழுத இயலாது.

அழிவின் விளைவு மட்டும் அவரையே முதலில் தாக்கியது. புல் பூண்டு ஒன்றும் இல்லாதபடி மரங்களுக்கிடையே தரையைச் சுத்தமாக வைத்திருப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளம் என்று தொடக்ககாலத் துரைமார் கருதினர். மூடியிருந்த செடிகொடிகளை இழந்த சரிவுகளில் பெருமழை மேல்மண்ணை அரித்து ஆற்றில் சேர்த்தது. ஈயச் சுரங்கங்களின் வண்டலும் அதனோடு கலந்தது. காடு அழிந்த இடத்தில் நோயும் வந்தது. 1901இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், கிள்ளானிலும் புதிய துறைமுகத்திலும் மலேரியா மக்களைச் சாய்ப்பதைக் கண்டு, சதுப்பு நிலங்களை வடித்து நோயைக் கட்டுப்படுத்தினார். ஆனால், குன்றுப் பகுதிகளில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே நிழல் நீங்கி வெயில் படும் தெளிந்த ஓடைகளில்தான் நோய் பரப்பும் ஒருவகைக் கொசு பெருகியது. மலையடிவாரக் காட்டை அழித்தால் மலேரியா கூடுகிறது என்ற உண்மை, இப்பகுதித் தோட்டங்களில் தொழிலாளர் இறந்த பிறகே மருத்துவ உலகுக்குத் தெளிவாகத் தெரியவந்தது.

2. புழுங்கலரிசி சொல்லும் பாடம்

குடிபெயர்ந்தவர் தம் பழக்கத்தை விட்டுவிடுகிறார் என்பது பொதுவான எண்ணம். தொடக்ககாலத் தமிழர் அவ்வாறு விட்டுவிடவில்லை. அவர்கள் கேட்டது புழுங்கலரிசி. தோட்டங்கள் வரவழைத்ததும் அதுவே. இந்த ஒரு பழக்கம் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது.

அக்காலத்து மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஈயச் சுரங்கத் தொழிலாளரைப் பெருமளவில் பலிகொண்டது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் செயலிழந்து அவர்கள் மாண்டனர். சீனத் தொழிலாளர் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை உண்டனர். புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அந்நோய் அரிதாக இருந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இவ்வேறுபாட்டைக் கவனித்து, நோய்க்குக் காரணம் அரிசியே என வாதிட்டார். 1905, 1906ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறுபிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களிடையே பெரிபெரி பரவிப் பலர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவர்கள் தப்பினர். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டேன்டனும் சாவகத் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வும் இதனை உறுதிசெய்தது. நெல்லை வேகவைத்து உலர்த்தும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்பதும், பின்னர் உயிர்ச்சத்து பி1 எனப் பெயர்பெற்றது அச்சத்தே என்பதும் பிற்காலத்தில் விளங்கின.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாகரிகமற்றவர் என்று கருதப்பட்ட கூலிகளின் சமையல் வழக்கத்தில் அறிவியல் அப்போது தேடிக்கொண்டிருந்த விடை இருந்தது. குடிபெயர்ந்தவர் சுமந்துவரும் பழக்கங்களுள் சில, பல தலைமுறைகள் உண்டும் உழைத்தும் சேர்த்த அறிவாகும்.

எனினும், அந்த அரிசிக்கும் ஒரு சூழல்விலை இருந்தது. மலாயா ரப்பரையும் ஈயத்தையும் விளைத்து, சோற்றுக்கு அயல்நாட்டை நம்பியது. உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம், இந்தோசீனா ஆகிய நாடுகளிலிருந்து வந்தது. பர்மாவில் ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகளும் சதுப்புகளும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் வயல்களாக மாற்றப்பட்டன; 1930களில் அவ்வயல்களின் பரப்பு 80 லட்சம் ஏக்கருக்கும் மேல். அதற்குக் கடன் கொடுத்தவர்களுள் முதன்மையானோர் நாட்டுக்கோட்டை நகரத்தார். ஆக, கிள்ளான் தோட்டத்தில் ஒரு தமிழர் உண்ட பிடி சோற்றில் பர்மிய உழவரின் உழைப்பும், செட்டிநாட்டு முதலும், அழிந்த கழிமுகக் காடும் கலந்திருந்தன.

இந்த ஏற்பாட்டின் வலுவின்மை 1942இல் வெளிப்பட்டது. ஜப்பானியர் ஆட்சியில் அரிசிக் கப்பல்கள் நின்றுபோயின. மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்தவர் போக, தோட்டங்களில் எஞ்சியவர்களைப் பசியும் நோயும் வாட்டின. பல்லாயிரம் ஏக்கர் வளமண்ணின் நடுவே வாழ்ந்தும், தாம் உண்பதை விளைக்கும் வழி அவர்களிடம் இல்லை.

3. லயத்து வாழ்வும் கடைப்பொருளும்

தோட்டத்துக்கு வந்த தமிழரின் வாழ்வில் நேர்ந்த பெரிய மாற்றம், கூலி முழுவதும் காசாகக் கிடைத்தது. ஊரில் நெல்லாகவும் தானியமாகவும் கூலி பெற்ற குடும்பங்கள், இங்கு அரிசி முதல் உப்பு வரை அனைத்தையும் காசுக்கோ கடனுக்கோ வாங்கின. கெட்டிப்பால், டின்னில் அடைத்த மத்தி மீன், பிஸ்கட், மண்ணெண்ணெய் ஆகியவை லயத்து வாழ்வில் நுழைந்தன.

வாங்கினாலும் வீணாக்கவில்லை. கெட்டிப்பால் டின் அரிசி அளக்கும் படியாயிற்று; மண்ணெண்ணெய் டின் தண்ணீர் சுமந்தது; அரிசிச் சாக்கு விரிப்பாயிற்று. லயத்தின் பின்புறத்தில் முருங்கையும் கருவேப்பிலையும் வாழையும் நின்றன. மாடு வளர்த்தவர் பால் விற்றனர். சாணம் செடிக்கு உரமாயிற்று. தொழிலாளர் காய்கறி பயிரிடவும் மாடு மேய்க்கவும் தோட்டங்கள் நிலம் ஒதுக்க வேண்டும் என்ற விதியும் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. இக்குடும்பங்களின் சூழற்சுமை மிகச் சிறியது. அதனைப் பெருமையாக மட்டும் பேசுவதும் முறையன்று. அச்சிறுமைக்குப் பின்னால் குறைந்த கூலி இருந்தது. வறுமையைச் சிக்கனம் என்று புகழும் வரலாறு நேர்மையான வரலாறு ஆகாது.

நுகர்வு உரிமைப் போராட்டமாக மாறிய காட்சியையும் கிள்ளான் கண்டிருக்கிறது. 1941ஆம் ஆண்டில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி ஆகியவற்றோடு மேலும் இரண்டு கோரிக்கைகள் அவர்களுடைய பட்டியலில் இருந்தன. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது ஒன்று. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று. அரசு படையை ஏவியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இவ்விரு கோரிக்கைகளும் நம் பொருளுக்கு மிக நெருக்கமானவை. தோட்டத்திலேயே கள்ளுக்கடை அமைந்திருந்ததால், வாங்கிய கூலியின் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. குடிப்பழக்கத்தைத் தமிழரின் இயல்பு என்று கூறியவர்களுக்கு, கடையை மூடுங்கள் என்று தமிழரே போராடியது விடையாக அமைந்தது. சைக்கிளோ அவர்கள் உழைத்து வாங்கிய பொருள்; அதன்மீது நிமிர்ந்து அமர்ந்து செல்லும் உரிமையை அவர்கள் கேட்டனர். ஒரு பழக்கத்தை மறுப்பதும் ஒரு பொருளை ஏற்பதும் ஒரே போராட்டத்தில் இடம்பெற்றன. குடிபெயர்ந்தவர் தமக்குக் கிடைத்ததையெல்லாம் கண்மூடி நுகர்ந்தவரல்லர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4. செங்கல்லும் ரயிலும்

தோட்டத்துத் தமிழரோடு நகரத்துத் தமிழரையும் சேர்த்துப் பார்த்தால்தான் சித்திரம் நிறைவுறும். 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் பெருந்தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தது. 1882இல் சிலாங்கூர் ரெசிடென்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், அத்தாப்புக் கூரை வீடுகளுக்கு மாற்றாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டுமாறு பணித்தார். அந்தச் செங்கற்களுக்குக் களிமண் தோண்டிச் சூளையிட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ். நகரத்தின் கட்டுமானப் பசி அவ்வூரின் பெயரிலேயே பதிந்திருக்கிறது.

1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவையும் ரயில்பாதை இணைத்தது. ரயில்வேப் பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் பிரிக்பீல்ட்ஸில் அமைந்தன. 1905ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட ‘நூறு வீடுகள்’ அவற்றுள் புகழ்பெற்றவை. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரோடு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆங்கிலம் படித்த எழுத்தர்களும் நிலைய அதிபர்களும் அங்கே வாழ்ந்தனர். மொழி ஒன்றாயினும் நுகர்வு வேறாக இருந்தது. மாதச் சம்பளம் பெற்ற குடும்பங்கள் புத்தகம், பள்ளிக் கட்டணம், தைத்த ஆடை, சேமிப்பு ஆகியவற்றுக்குச் செலவிட்டன; நாட்கூலி பெற்றவர் கடன் ஏட்டில் வாழ்ந்தனர். பழக்கத்தை வகுப்பதில் பிறந்த மண்ணைவிடச் சம்பளமும் குடியிருப்பும் வலியவை என்பதற்கு இவ்விரு தமிழரும் அருகருகே வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸ் ஒரு சான்று.

5. இரண்டாம் குடிபெயர்வு

தமிழரின் நுகர்வைக் கடலைக் கடந்த முதற்பயணத்தைவிடப் பெரிதும் மாற்றியது, தோட்டத்திலிருந்து நகருக்கு வந்த இரண்டாம் பயணமே.

விடுதலைக்கு முன்னும் பின்னும் பல பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. வேலையும் வீடும் ஒருங்கே இழக்கும் நிலையை எதிர்கொள்ள, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் கூலியிலிருந்து சிறுகச் சேமித்துப் பங்கு வாங்க, சங்கம் தோட்டங்களை வாங்கியது. நுகர்வைத் தள்ளிவைத்து நிலத்தைக் காக்க முயன்ற இம்முயற்சி போற்றத்தக்கது; ஆனால், நகரம் விரிந்த வேகம் அதனினும் பெரியது. சுபாங் ஜெயா சீபீல்ட் தோட்டத்தின் நிலத்தில் எழுந்தது. முதல் உலகப் போரில் பங்கேற்ற பிரிட்டிஷ் படையினர் உருவாக்கிய பெராங் பெசார் தோட்டம், 1990களில் புத்ராஜெயா ஆயிற்று. அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் டிங்கிலிலுள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாறினர். பலர் புறம்போக்கு நிலங்களில் குடிசை அமைத்து, பின்னர் மலிவுவிலை அடுக்கு வீடுகளுக்குச் சென்றனர்.

எட்டாம் மாடியில் முருங்கை வளர்வதில்லை; மாடு கட்ட இடமில்லை. கொல்லையில் பறித்த கீரையைப் பேரங்காடியில் நெகிழிப்பையில் வாங்க வேண்டியதாயிற்று. விறகு போய் எரிவாயு வந்தது. நடந்து சென்ற வேலை, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவுக்கு மாறியதால், மோட்டார் சைக்கிளும் பின்னர்க் காரும் இன்றியமையாதன ஆயின. மண்ணுக்குத் திரும்பிய சமையற்கழிவு குப்பைத்தொட்டிக்குச் சென்றது. இவற்றுள் எதனையும் ஆடம்பரம் என்று கூற முடியாது. எரிவாயு, புகையிலிருந்து பெண்களின் கண்ணையும் நுரையீரலையும் காத்தது. குளிர்பதனப்பெட்டி அவர்களுடைய உழைப்பைக் குறைத்தது. ஆயினும், ஒவ்வொரு மாற்றமும் குடும்பத்தின் சூழற்சுமையை ஒரு படி உயர்த்தியது.

உடலும் மாறியது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையே அவ்வீதம் மிக உயர்ந்தது. மரபுக்கூறுகளுக்கும் இதில் பங்குண்டு. இருந்தாலும், பல மைல் நடந்து மரம் சீவிய உடலுக்கு ஏற்ற சோற்றளவும், கெட்டிப்பால் கலந்த தேநீரும், உட்கார்ந்து வேலை செய்யும் வாழ்வுக்குள் அப்படியே தொடர்ந்தன. ஒரு காலத்தில் தமிழரைப் பெரிபெரியிலிருந்து காத்த சோற்றுப் பழக்கம், சூழ்நிலை மாறியபோது பழைய காவலைத் தரவில்லை.

6. இன்றைய நிலையும் நம் கடமையும்

தீபாவளிக் காலத்தில் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நடப்பவர், தமிழ்க் குடும்பங்களின் வாங்கும் திறன் வளர்ந்திருப்பதைக் காண்பார். தாத்தா காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை வந்த புதுத்துணி இன்று எம்மாதமும் கிடைக்கிறது. பத்துமலைத் தைப்பூசத்தின் மறுநாட்காலை, சாலையோரம் கிடக்கும் நெகிழிக் குவளைகளும் உணவுப் பொட்டலங்களும் நம் பொறுப்பை நினைவூட்டுகின்றன. தண்ணீர்ப் பந்தலில் எவர்சில்வர்க் குவளையும், அன்னதானத்தில் வாழையிலையும் நமக்குப் புதியவை அல்ல; அவற்றுக்குத் திரும்பப் பிறரிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை. சிலாங்கூர் மாநிலம் 2017இல் நெகிழிப்பைக்கு 20 சென் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. துணிப்பை எடுத்துச் செல்லும் வழக்கம் நம் பாட்டிமாரிடம் கட்டணம் இல்லாமலே இருந்தது.

அதே வேளையில், சுமை முழுவதையும் நுகர்வோர் தலையில் ஏற்றுவதும் நீதியாகாது. 2018இல் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியபோது, வளமான நாடுகளின் குப்பை கிள்ளானுக்குத் தெற்கேயுள்ள ஜெஞ்சாரோமில் வந்து குவிந்தது; உரிமமற்ற ஆலைகள் அதனை எரித்தன. நூறு ஆண்டுகளுக்கு முன் அயலாரின் டயருக்காக இங்கே காடு அழிந்தது போலவே, இப்போது அயலாரின் குப்பைக்காக இங்கே காற்று நஞ்சாயிற்று. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் மூழ்கிய வீடுகளின் மக்களும் ஏழையராகவும் நடுத்தரத்தினராகவுமே பெரும்பாலும் இருந்தனர். மழைநீரை உறிஞ்சிய நிலமெல்லாம் கட்டடமான பின், தாழ்ந்த இடத்தில் குடியமர்ந்தவரே விலை கொடுக்கின்றனர்.

வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்து இந்நகரங்களைக் கட்டுவோரைப் பற்றிப் பேசும்போதும் இவ்வரலாறு நமக்கு உதவ வேண்டும். அவர்கள் கூட்டமாக வாழ்கின்றனர், சுற்றுப்புறத்தைக் கெடுக்கின்றனர் என்று நம்மவருள் சிலரும் சொல்லக் கேட்கிறோம். லயத்தில் வாழ்ந்த நம் முன்னோரைப் பற்றியும் இவ்வாறே பேசினார்கள். குப்பை வண்டி வராத குடியிருப்பில் அவர்களை அமர்த்தியது யார் என்ற கேள்வியே முதலில் எழ வேண்டும்.

ஆசிரியர்கள் இப்பொருளை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்தில் மூன்று தலைமுறையினரிடம் நான்கு வினாக்களைக் கேட்டு எழுதிவரட்டும்: அரிசி எங்கிருந்து வந்தது? அடுப்பில் எது எரிந்தது? வேலைக்கும் பள்ளிக்கும் எப்படிச் சென்றீர்கள்? குப்பை எங்கே போனது? பாட்டியின் விடைகளையும் தம் விடைகளையும் அருகருகே எழுதும் மாணவர், தம் குடும்பம் தானே விரும்பி மாற்றிக்கொண்டவை எவை, வேறு வழியின்றி மாறியவை எவை எனப் பிரித்தறிவார். முன்னதைத் திருத்துவது நம் கையில் இருக்கிறது. பின்னதற்கு வீடமைப்பும் பொதுப் போக்குவரத்தும் நிலக் கொள்கையும் மாற வேண்டும்; அவற்றைக் கேட்டுப் பெறும் குடிமக்களாக நம் மாணவர் வளர வேண்டும். 1941இல் கிள்ளான் தொழிலாளர் இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் எழுதிக் கேட்டனர் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.